மொட்டை மாடியில் வெயில், வீட்டில் கரண்ட் இல்லை

என் கணவருக்குச் சில வருடங்களாக நுரையீரல் சரியில்லை. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கரண்ட் இருக்கும்வரை அது ஓடும். நின்றால், அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர்.

அடையாறு ஆற்றை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் போடலாம், அதில் வருவதை எல்லா வீடுகளும் பில்லில் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவள் நான். மற்ற வீடுகளுக்கும் நானே போய்ப் பேசினேன். ரிட்டயர்டு டீச்சர் வீடு தேடி வந்து சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

பேனல் ஏறிய அன்று சங்கச் செயலாளர் வாசலில் நின்று, “இனிமே கரண்ட் நம்மாத்துலயே விளையறது மேடம். ஊரே இருட்டானாலும் நீங்க கவலைப்படவேண்டாம்” என்றார். அவர் மயிலாப்பூர்க்காரர், பேங்க்கில் இருந்தவர். அவரும் நம்பித்தான் சொன்னார், நானும் நம்பினேன்.

புயல் அடித்த இரவு கரண்ட் போனது. வீட்டு இன்வெர்ட்டர் விடியும்வரை இழுத்துப் பிடித்து, பிறகு கீச்சென்று கத்தி ஓய்ந்தது. குழாயை சிலிண்டருக்கு மாற்றினேன். எனக்குப் பதற்றமில்லை. வானம் வெளுத்துவிட்டது, வெயில் வந்தால் மாடி பார்த்துக்கொள்ளும் என்றிருந்தேன். வெயிலும் வந்தது. சன்னல் கம்பியெல்லாம் சுடுகிற வெயில். மெஷின் மட்டும் உயிர் பெறவில்லை.

மாடிக்கு ஓடினேன். பேனல்கள் கழுவிவிட்ட மாதிரி பளபளத்தன. சுவரில் இருந்த பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. செயலாளர் அதை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். பேனல் மாட்டிய ஆளுக்கு போன் போட்டேன்.

“தெருவுல கரண்ட் இருந்தாத்தான் மேடம் அது ஓடும். தெரு லைன் நின்னா, தானா நின்னுடும்.”

“வெயில் கொளுத்துதேப்பா!”

“வெயிலடிச்சாலும் அப்படித்தான் மேடம். தனியா ஓடணும்னா பாட்டரி வெச்சிருக்கணும்.”

தலைக்கு மேல் அவ்வளவு மின்சாரம் காய்ந்து கிடக்க, கீழே சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், முழங்கால் தண்ணீரில் வண்டி வராது என்றார்கள்.

வாசலுக்கு வந்து நின்றபோது எதிர்க் குடிசைப் பகுதியிலிருந்து மீன் விற்கும் அம்மா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

“இன்னா டீச்சர், மூஞ்சி இப்டி வெளுத்துப் போய்க்கீது?”

சொன்னேன்.

“எங்க பக்கம் லைன் வேற. காலைலயே கரண்ட் வந்துக்கீது. சாரை இட்டுக்கினு வா, மெஷின நம்ம வூட்ல சொருகிக்கலாம்.”

என் பின்னாலேயே இறங்கி வந்திருந்த செயலாளர் காதில் இது விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது. “அவரை எதுக்கு அலைக்கழிக்கணும்? அங்கேர்ந்து ஒரு ஒயர் இழுத்து நம்ம பில்டிங்ல கொடுத்துடலாம். தெருவுல கரண்ட் வந்துடுத்துன்னு நெனச்சுண்டு மாடிப் பெட்டியும் ஓட ஆரம்பிச்சுடும்.” நான் பதில் சொல்வதற்குள் ஒயர் தெருவைத் தாண்டி வந்துவிட்டது. இரண்டு முனையிலும் பிளக். ஒன்றை எதிர் வீட்டில் சொருகியாயிற்று. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் வாசல் சுவிட்ச் போர்டை நோக்கி நடந்தார்.

ஏனோ நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கேட்டுக்கு நேரே இருக்கும் கம்பத்தில் ஒரு லைன்மேன், எங்கள் வீட்டுக்கு வரும் கம்பியைக் கையால் பிடித்தபடி நின்றிருந்தார்.

“வேணாம்! சொருகாதீங்க!”

அப்படியொரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. செயலாளர் சிலையாக நின்றுவிட்டார். மீன்காரம்மா ஓடிப்போய் தன் வீட்டு சுவிட்சை அணைத்தார்.

லைன்மேன் இறங்கி வந்து பிளக்கைப் பார்த்தார். கோபப்படவில்லை. “இத சொருகியிருந்தீங்கன்னா கரண்ட் திரும்பி மேல ஏறியிருக்கும் சார். நான் போயிருப்பேன். உங்க சோலார் பெட்டி தானா நிக்கறதும் இதுக்காகத்தான்” என்றார். செயலாளர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. கணவரை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். சிலிண்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நானும், மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு செயலாளரும் பின்னால் நடந்தோம். அந்த ஒற்றை அறையில், மீன்காரம்மா மிக்ஸி ஒயரைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சொருகினார். அது உறும ஆரம்பித்ததும்தான் நான் அழுதேன். சாயங்காலம் எங்கள் பக்கமும் கரண்ட் வந்தது.

இப்போது மாடிக்கு பாட்டரி வந்துவிட்டது. தெரு லைன் நின்றால் கட்டடத்தை அதிலிருந்து தானே பிரித்துவிடும் சுவிட்சும் வைத்திருக்கிறோம். மிச்ச மின்சாரத்தை எதிர் வீடுகளின் பில்லில் சேர்க்க முடியுமா என்று செயலாளரும் நானும் மின் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தோம். வேறு இடத்து மீட்டருக்குத் தர இப்போதைக்கு வழியில்லையாம். ஆகவே கீழ்த்தள பொது அறையில் பாட்டரி லைன் கொடுத்து, கரண்ட் போனால் கதவைத் திறந்து வைப்பதென்று முடிவு செய்தோம்.

மீன்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நம்பாமல் என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

“உங்க மாடி கரண்ட்டு ரோட்ட தாண்ட சட்டம் வரணுமா? நல்லாக்கீது டீச்சர். நாங்களே தாண்டி வந்துக்கறோம்.”

போன மழையில் வந்தார். கூடவே, வீசிங்கில் திணறிய பேத்தியும் அவளுக்கு மருந்துப் புகை வைக்கும் மெஷினும்.