அவல் இருக்கா பார்

எங்கள் காரில் ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே, வெயில் கண்ணில் குத்தாமல் இருக்க இறக்கிவிட்டுக்கொள்கிற பலகையின் உட்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி இரண்டை வைத்து ஒட்டியது. ஏதோ சாப்பாட்டுக் கடை பில்லின் பின்பக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி நீலப் பேனாவால் எழுதியிருக்கும்: "கிலம்பும் முன் அவல் இருக்கா பார்." எழுதியவர் என் வீட்டுக்காரர். இந்தக் காகிதத்தைப் பற்றி இரண்டு வருஷம் சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லியிருக்கிறேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். இப்போது அதை யாரிடமும் சொல்வதில்லை.

அவருடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் கண்டோன்மென்டுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். நான் திருநெல்வேலிக்காரி. பெண் பார்க்க வந்தபோது அவர் பேசிய உருது கலந்த தமிழைக் கேட்டு, உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு. நிச்சயம் ஆன பிறகுதான், எனக்குக் கடிதம் எழுதவேண்டும் என்பதற்காகவே, தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார். ல வரும், ள கடைசிவரை வரவில்லை. "எங்கல் வீட்டில் நான்தான் மூத்த பில்லை" என்று எழுதினார். இன்னொன்றும் உண்டு. தெலுங்கில் பெண்ணுக்கும் பொருளுக்கும் வினை ஒன்றுதான். அது இருக்கிறது என்றாலும் உந்தி, அவள் இருக்கிறாள் என்றாலும் உந்தி. அந்தப் பழக்கத்தில் அவர் வாயில் "பால் இருக்கா?" "அம்மா இருக்கா?" இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். "இருக்காளான்னு சொல்லுங்க, நான் என்ன பால் பாக்கெட்டா?" என்று எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவர் தமிழ் எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பேகம்பேட் ஆபீஸில் வேலை முடிந்து ஓய்வுபெற்ற வருஷம், கோடையில் காரிலேயே இமயமலைக்குப் போய் வருவோம் என்றார். பனியைக் கையால் தொடவேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. ரயிலில் போகலாமே என்றால், "நக்கோ. நானே ஓட்டணும், நீ பக்கத்துல உக்காரணும்" என்றார். அவருக்கு மூன்று வேளையும் ரொட்டி தின்றால் வயிறு ஆகாது. அதனால் ஊரிலிருந்து வந்திருந்த சிவப்பு அவல் இரண்டு கிலோவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். லோத்குண்டாவில் எங்கள் வீட்டிலிருந்து விடியலில் புறப்பட்டோம். நிர்மல், ஆதிலாபாத் தாண்டி நாக்பூரில் தங்கல். அங்கே மூன்று நாள் நல்ல ஓய்வு. வழியில் எங்கே நிறுத்தினாலும் தயிர் வாங்கி அவலை ஊறப்போட்டுவிடுவேன். தாபாக்காரர் ஒருவர் எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டார். இவர் "பர்ஸோன்" என்றார். பர்ஸோன் என்றால் முந்தாநாள். நாங்கள் கிளம்பி ஐந்து நாள் ஆகியிருந்தது. நான் கண்டுகொள்ளவே இல்லை. ஹைதராபாத்காரர்களுக்குப் போன வாரமும் பர்ஸோன்தான், பத்து வருஷத்துக்கு முந்தியதும் பர்ஸோன்தான். இந்த ஊரில் ஒருவருக்குக் காலம் குழம்புகிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

சாகர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் அது நடந்தது. நல்ல உச்சி வெயில். நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கார் இல்லை. ஓரமாக நிறுத்தியிருப்பார் என்று பங்கைச் சுற்றி வந்தேன். இல்லை. கைப்பை, போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் காரில். அவர் நம்பரோ எனக்கு மனப்பாடம் இல்லை. பங்குக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். "ஆத்மி கிதர்?", வீட்டுக்காரர் எங்கே, என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இந்தி அந்த அவமானத்துக்குப் போதவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வீம்புக்கு வேண்டாம் என்றுவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து, வந்த வழியே திரும்பி வந்தார். இறங்கினவர் முதலில் தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டினார். நான் அதைத் தட்டிவிட்டேன். பாட்டில் உருண்டு போய் ஒரு லாரிச் சக்கரத்தடியில் நின்றது. பங்கே வேடிக்கை பார்க்க, "பொண்டாட்டி ஏறிட்டாளான்னு பாக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு? மண்டைக்குள்ள களிமண்ணா இருக்கு? என்னய விட்டுட்டுப் போயிட்டியளே, நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன். மொழி புரியாதவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் சொன்ன பதில் இதுதான்: "தண்ணிக்குக் கைய நீட்டினேன் மா. பாட்டில் வரல. கோபமா இருக்கியோன்னு இன்னும் கொஞ்ச தூரம் போனேன்." நான் இன்னும் கத்தினேன். பக்கத்து இருக்கை காலி என்பது ஒருத்தருக்கு அத்தனை தூரம் தெரியாமல் இருக்குமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அவர் முகம் எப்படி இருந்தது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. தப்புச் செய்துவிட்டு அகப்பட்டுக்கொண்டவர் முகம் இல்லை அது. பயந்துபோனவர் முகம்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஜான்சி, குவாலியர், ஆக்ரா எல்லாம் ஊமைப்படம்போல ஓடின. தாஜ்மகால் முன்னால் நின்று எடுத்த போட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னோர் ஆள் நிற்கலாம். டெல்லியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் கை கழுவிவிட்டுத் திரும்புகையில், அவர் பில்லைத் திருப்பிப் போட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன என்று கேட்டிருப்பேன். ஆனால் பேச்சுத்தான் நின்றுபோயிருந்ததே.

மலை ஏறியதும் மனசு இளகியது. சிம்லாவுக்கு மேலே தேவதாரு மரங்களுக்கு நடுவே சின்ன விடுதி. எதிரே வரிசையாகப் பனிமலை. காலையில் அவர் வெளியே நின்று முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குளிருக்கு இதமாக இருக்குமே என்று நான் போய் ஓட்டுகிறவர் இருக்கையில் வெயிலில் உட்கார்ந்தேன். கண் கூசவே பலகையை இறக்கினேன். அங்கே இருந்தது இந்தக் காகிதம். எனக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. இறங்கிப் போய், "நல்லா இருக்கே கதை! பொண்டாட்டிய பங்க்ல விட்டுட்டு வரலாம், அவல் டப்பாவ மட்டும் விட்ராம வந்துரணும், அதுக்கு நோட்டீஸ் வேற!" என்றேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஹவ். அவல்தான்" என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு அது. அதைக் கெடுக்க அவருக்கு மனசு வந்திருக்காது. அன்று மத்தியானம் பனியைத் தொட்டோம். அழுக்குப் பனி, டயர்த் தடம் படிந்தது. அதையும் இரண்டு கையாலும் அள்ளி என் கையில் வைத்தார்.

கிலம்பும் என்று முதல் சொல்லிலேயே ள விழுந்திருந்ததே, அது என் கண்ணில் படவில்லையா? பட்டது. அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் பலகையை இறக்குவார், படிப்பார், இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பார், பிறகு சாவியைத் திருப்புவார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். நாக்பூர் வருவதற்குள் அவல் தீர்ந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அப்போதும் இறக்கினார், படித்தார், பார்த்தார். "அவல்தான் தீந்து போச்சே, இன்னும் என்னத்தப் பாக்கிய?" என்றேன். "பாக்கணும் மா" என்றார். அவ்வளவுதான். காது கொடுத்துக் கேட்கிறவளாக இருந்திருந்தால் அந்த இரண்டு சொல் போதும். நான் மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பாவுக்கு அவல் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தமிழ் காதில் விழும், எழுத்து தெரியாது. இங்கே படித்த பிள்ளை. அவர் அந்தக் காகிதத்தை இங்கிலீஷில் எழுதாததற்குக் காரணம் அவள்தான் என்று இப்போது நினைக்கிறேன். காரை அவளும் எடுப்பாள். அவள் படித்துவிட்டால் தெரிந்துபோகும். நான் ஓட்டுவதில்லை, அந்தப் பலகையை இறக்கமாட்டேன் என்று நம்பியிருப்பார்.

வீடு வந்து இரண்டு வருஷத்துக்குள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஸ்கூட்டர் காலத்திலிருந்து போய் வந்த பாதை, திருமுல்கேரியிலிருந்து லோத்குண்டா. ஒரு நாள் காரைத் திருமுல்கேரியில் விட்டுவிட்டு, ஆட்டோக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் பேகம்பேட்டில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே வைத்து ஏதேதோ கேட்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எந்த பாஷையில் வேண்டுமானாலும் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாராம் டாக்டர். இவர் தமிழில் எழுதியிருந்தார். "அம்மா, ஏமி ராசாரு?", என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டு, டாக்டர் தாளை என் பக்கம் தள்ளினார். அதே நீல மை, அதே தனித்தனி எழுத்து. "அவல் வெலியே இருக்கா." வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினவள் முதல் சொல்லோடு நின்றுவிட்டேன். அவள் வெளியே இருக்கிறாள். என்னைத்தான் எழுதியிருந்தார். மலையில் வெயிலில் உட்கார்ந்து நான் சிரித்த காகிதமும் என்னைத்தான் எழுதியிருந்தது. கிளம்பும் முன் அவள் இருக்கிறாளா பார். தன் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று என்னிடம் வசவு வாங்காமல் சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே ஆள் அந்தப் பலகைதான். டாக்டர் மறுபடியும் கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அழுதேன்.

பங்கில் திட்டிய அன்றைக்கே அவர் காலைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கேட்கவும் செய்தேன். "பங்க்ல உங்கள அப்படித் திட்டிட்டேனே" என்றேன். "எந்தப் பங்க்?" என்றார். கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காத மன்னிப்பை அதற்கப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? கொடுக்கவேண்டியவர் வீட்டிலேயே இருக்கிறார், ஆனால் இல்லை.

இப்போது கார் எங்கள் போர்டிகோவில் நிற்கிறது. பாட்டரியைக் கழற்றியாயிற்று. "பேச் தோ நா அம்மா, வித்துடு, சும்மாதானே நிக்குது" என்கிறாள் மகள். விற்க மாட்டேன். நாள் முழுக்க அறைக்கு அறை அலைகிறவர் அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் அடங்குகிறார். தினமும் காலை டிபன் ஆனதும் கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்காரவைத்து, நான் இந்தப் பக்கம் ஏறி உட்கார்வேன். அவர் ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்ப்பார். பலகையை இறக்குவார். பேச்சு பாதி போய்விட்டது, எங்கள் பேர்கள் போய்விட்டன, ஆனால் எனக்காகக் கற்றுக்கொண்ட அந்த எழுத்து மட்டும் போகவில்லை. விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படிப்பார். படித்து முடித்ததும் சொன்னபடி செய்வார். திரும்பி என்னை நன்றாகப் பார்ப்பார்.

"இல்லியே" என்பார்.

ஆரம்பத்தில் "நான்தாங்க, இங்கதான இருக்கேன்" என்று அவர் கையை இழுத்து என் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அவர் கூச்சப்பட்டுக் கையை எடுத்துக்கொள்வார். இப்போது சொல்வதில்லை. நேற்றும் அப்படித்தான். திரும்பிப் பார்த்தார். "இல்லியே. நக்கோ, இப்போ கிளம்ப நக்கோ. அவ வரட்டும்" என்றார். வெயில் போர்டிகோவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் பார்த்தபடியே இடது கையை நீட்டினார். பாட்டிலைக் கையில் வைத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மீதியை என்னிடமே கொடுத்தார்.

"இத வச்சிருங்க மேடம்" என்றார். "அவ வந்தா தாகமா இருப்பா."

பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.