தேயிலைப் பெட்டி கிட்டார்

நேற்று கொழும்பு மேடையில் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும்போது, பக்கத்தில் வைத்திருந்த தப்பைப் பார்த்து ஏற்பாட்டாளர் சொன்னார்: "ஐயா, ரொக் இசை மட்டும் போதும். அந்தத் தப்பு மேளம் வேணாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வட்டகொடைத் தோட்டத்தில் விடியற்காலையில் தப்படித்து ஆட்களை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு அழைத்தவர் என் அப்பா. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், தேயிலைப் பெட்டிப் பலகையில் சைக்கிள் பிரேக் கம்பி கட்டி, யாரும் சொல்லித்தராமல் கிட்டார் செய்தேன். அப்பா காய்ச்சலில் படுத்த அன்று, அவருக்குப் பதிலாகப் போய், ரேடியோவில் கேட்ட ரொக் தாளத்தைத் தப்பில் அடித்தேன். பெரட்டு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒருவரும் வரவில்லை.

கங்காணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து கிட்டாரை மிதித்து நொறுக்கினார். "தப்படிக்கிறவன் மகனுக்கு வெள்ளக்காரன் வாத்தியம் கேக்குதோ?"

காய்ச்சலோடு அப்பா கும்பிட்டார். "இனிமே தப்பு மட்டுந்தாங்க அடிப்பான்."

அன்று தப்பு மட்டும், இன்று ரொக் மட்டும். இவர்கள் யார் எனக்குச் சொல்ல?

நேற்று தப்பை எடுத்து அப்பாவின் பெரட்டு அடியை அடித்துத்தான் தொடங்கினேன். வெளியே நின்றவர்கள்கூட உள்ளே ஓடி வந்தார்கள்.