அந்த வாரம் முதலிடத்தில் எந்தப் பாட்டு

சலூன்காரரிடம் பிறந்த தேதியை மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தது. கத்திரியை அப்படியே காற்றில் நிறுத்துவார். கண்ணை மூடுவார். "நீங்க பிறந்த வாரம் முதல் இடத்துல இருந்தது விசில் பாட்டு. ரெண்டாவது, தொண்டை கட்டின ஆள் பாட்டு. மூணாவது..." என்று கீழே இறங்க ஆரம்பிப்பார். அவர் பத்தாவது இடத்துக்கு வந்து சேர்வதற்குள், அரை மணி நேரத்துக்கு முன்னால் வெட்டிய முடி மறுபடி முளைத்துக் கழுத்தில் குத்தும்.

கடையில் இரண்டு நாற்காலிகள். அதில் ஒன்றுக்கு உயரத்தைப் பிடித்து நிறுத்தும் விசை கெட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆள் உட்கார்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். முழு முகமும் கண்ணாடியில் தெரிய உட்காருகிறவர், வேலை முடியும்போது வெறும் நெற்றியாக மிஞ்சியிருப்பார்.

மற்ற சலூன்களில் காத்திருக்கிறவர்கள் புரட்ட சினிமா பத்திரிகை கிடக்கும். இங்கே ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். ஒவ்வொன்றும் தூக்கிப் போட்டால் தரை விரிசல் விடும் கனம். உள்ளே கதை கிடையாது, படம் கிடையாது. எந்த வருஷம், எந்த வாரம், எந்தப் பாட்டு எத்தனையாவது இடத்தில் இருந்தது, அதற்கு முந்தின வாரம் எங்கே இருந்தது, எத்தனை வாரம் தாக்குப்பிடித்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இதுதான்.

"இது என்ன, டெலிபோன் டைரக்டரியா?" என்று ஒருமுறை தபால்காரர் கேட்டார்.

"பாட்டுப் புத்தகம்ணே."

"பாட்டு ஒண்ணையும் காணோமே?"

"பாட்டு ரேடியோவுல இருக்கும். இது பாட்டுங்களோட மார்க் ஷீட்டு."

சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். பழைய பட்டியல் அத்தனையும் அப்படியே இருக்கும், கடைசியில் மட்டும் கொஞ்சம் பக்கம் கூடியிருக்கும். அதற்காக முழுப் புத்தகத்தையும் மறுபடி வாங்குவார். நூலகம் கழித்துப்போட்டது, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்தது, அட்டை போனது, முதுகு பிய்ந்தது, எல்லாம் அவருக்கு வேண்டும். கழுத்து முடி தட்டுகிற பிரஷ்ஷாலேயே அவற்றுக்குத் தூசி தட்டுவார். அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பவுடர் வாசனை வரும். யாருடையதென்று தெரியாத ஒரு முடியும் கிடைக்கும்.

எதிரே சாவிக் கடை வைத்திருப்பது மைத்துனன், சலூன்காரர் மனைவியின் தம்பி. சாவிக்கு ஆள் வராத நேரமெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்து மாமாவை வறுத்தெடுப்பதுதான் அவனுக்கு வேலை. பார்க்கப்போனால் சாவி வெட்டுவதுதான் பொழுதுபோக்கு.

"ஏன் மாமா, போன தடவை வாங்கினதுல இருந்ததுதானே இதுலயும் இருக்கு?"

"அதுல எழுபத்தஞ்சாவது இடம் வரைக்கும்தான்டா. இதுல நூறு வரைக்கும் இருக்கு."

"அந்தக் கடைசி இருபத்தஞ்சு பாட்டை எவன் கேட்டான்?"

"பாடினவங்க வீட்ல கேட்டிருப்பாங்கல்ல."

இந்தப் பைத்தியம் தொடங்கியதில் மைத்துனனுக்கும் ஒரு பங்கு உண்டு. அவனுடைய வலது காதில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அந்தக் குழிதான் பிள்ளையார் சுழி.

அப்போது சலூன்காரருக்கு மீசை புதிது, கடை புதிது, ரேடியோ புதிது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் வெளிநாட்டுப் பாட்டுகளின் அந்த வார வரிசையைக் கீழிருந்து மேலாக வாசிப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் தன் தம்பியை இழுத்துக்கொண்டு முடிவெட்ட வந்தாள். இன்றைக்கும் ரயில் பாட்டுதான் முதலிடம் என்றாள். இல்லை, இன்றைக்கு விசில் பாட்டு ஏறிவிடும் என்றார் இவர். பேச்சு வாக்கில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். கத்தி தம்பியின் காதைப் பார்த்துவிட்டது. பையன் போட்ட கூச்சலில் முதலிடம் எது என்று யாருக்கும் காதில் விழவில்லை.

காதை அறுத்த கடைக்கு மறுபடி யாராவது போவார்களா? அவள் போனாள். வாராவாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். வெட்டுவதற்கு முடி இல்லாத வாரங்களில் சும்மா தண்ணீர் தெளித்து வாரி அனுப்பினார் இவர். அக்காவுக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அந்தப் பையன் தலையில் முடி என்று ஒன்று வளர்ந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு பந்தயம் வீட்டுக்குள் வந்தது. முதலிடத்தைச் சரியாகச் சொல்கிறவர் கால் நீட்டி உட்காரலாம், தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். அந்தப் பாட்டுகளின் மொழி இருவருக்கும் அரையும் குறையுமாகத்தான் புரியும். அதனால் தாங்களே பெயர் வைத்தார்கள். மாடிப்படிப் பாட்டு, அழுமூஞ்சிப் பாட்டு, பல்வலிக்காரி பாட்டு. மகள் பிறந்து, பேச ஆரம்பித்ததும் அவளும் அப்படியே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் போய் பல்வலிக்காரி பாட்டு என்று அவள் கேட்டதில் டீச்சர் முழித்தார்.

பிறகு ஒருநாள் ரேடியோக்காரர்கள் பாட்டு வரிசை வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. பாத்திரம் யார் கழுவுவது என்று தெரியாமல் மலைபோல் குவிந்தது. அப்போது மனைவிதான் பழைய பேப்பர் கடையில் முதல் புத்தகத்தைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இனிமே புது வாரம் இல்லன்னா என்னங்க, பழைய வாரம் எவ்வளவு கிடக்கு பாருங்க" என்றாள். கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து தேதியைச் சொல்லுவாள். இவர் பதில் சொல்லுவார். அப்படிச் சேர்ந்ததுதான் சுவர் முழுக்க நிற்கிற இந்தப் படை.

அப்படிப்பட்டவள் வெளிநாட்டுக்குப் போனாள். மகளுக்குத் தூரத்து ஊரில் படிப்பு, வீட்டுக் கடன் வேறு. அங்கே தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. கிளம்பும் அன்று சலூன்காரர் ஒரு வசனம் சொன்னார். "போறதும் வர்றதும் உன் இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்." பெண்டாட்டியை மதிக்கிறவன் பேசுகிற பேச்சு இதுதான் என்று நினைத்து, கடைக் கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அது அவளுக்கு எப்படிக் கேட்டது என்பதை இவர் விசாரிக்கவில்லை. உன் இஷ்டம் என்றால், நீ வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றும் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் மண்டைக்கு எட்டவே இல்லை.

வருஷங்கள் ஓடின. லீவில் வருவாள், பெட்டியைப் பிரிப்பதற்குள் போவாள். போனில் பந்தயம் மட்டும் நிற்கவில்லை. அங்கிருந்து தேதி சொல்லுவாள், இவர் பதில் சொல்லுவார்.

"அது என்னங்க சரசரன்னு சத்தம்?"

"துண்டை உதறினேன்."

"துண்டு பக்கம் புரட்டற மாதிரி சத்தம் போடுமா? ஆட்டக்காரரும் நீங்க, நடுவரும் நீங்க. நான் எங்க ஜெயிக்கறது?"

போனை வைத்த பிறகு கடை பெரிதாகிவிடும். இருக்கிற இரண்டு நாற்காலி இருபது நாற்காலி மாதிரித் தெரியும். புதுப் பதிப்பு வாங்கினால், அவள் போன பிறகு வந்த வருஷங்களின் பக்கத்துக்கு மட்டும் அவர் போவதில்லை. அதில் இருக்கிற பாட்டு எதற்கும் பெயர் இல்லை. தனியாகப் பெயர் வைத்துப் பார்த்தார் ஒருமுறை. இடிப் பாட்டு என்று வாய்விட்டுச் சொன்னார். சிரிக்க ஆள் இல்லை. அதோடு விட்டுவிட்டார்.

மகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போனாள். கடனும் அடைந்தது. இனி மனைவி திரும்பி வந்துவிடுவாள் என்று சலூன்காரர் தனக்குத்தானே முடிவு செய்து, கடைக்குச் சுண்ணாம்புகூட அடித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது.

"அந்தம்மா வீட்ல இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

வந்துவிடு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாய் இருக்கிறதே, அது தேய்ந்த ரெக்கார்டு மாதிரி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது. "என்னைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு. உன் இஷ்டம்தான்."



"சரி. அப்ப பந்தயத்துல பாத்துக்கலாம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை நான் ஒரு தேதி சொல்றேன். நீங்க சரியாச் சொன்னா நான் வந்துடறேன். தப்பாச் சொன்னா கையெழுத்து போட்டுடறேன். இந்தத் தடவை நடுவர் நான். இங்க ஒரு பழைய புத்தகக் கடையில உங்க புத்தகம் மாதிரியே ஒண்ணு வாங்கியிருக்கேன். வேற கம்பெனி போட்டது. தடியா இருக்கு."

அந்த வாரம் சலூன்காரர் சோறு தின்றதைவிடப் புத்தகத்தில் வாரங்களைத் தின்றது அதிகம். ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் ஒரு பக்கம் தாடைக்குக் கீழேயும் நின்றது. தாடி வைத்து வந்தவரை மொழுமொழுவென்று அனுப்பினார். அவர் வீட்டில் நாய் உள்ளே விடவில்லை.

"மாமா, வாடின்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு?" என்றான் மைத்துனன்.

"நான் சொன்னா அவளைக் கட்டி இழுத்த மாதிரி ஆயிடும்டா. அவளா வரணும்."

"புத்தகம் கட்டி இழுத்தா பரவாயில்லையா?"

சலூன்காரர் பிரஷ்ஷைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் நாற்காலியில் பாதி இறங்கியிருந்த நேரம் போன் அடித்தது. அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். செங்கல் மாதிரி கனத்த அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"தயாரா?"

"தயார்."

"என் தம்பி காதை அறுத்தீங்களே, அந்த ஞாயித்துக்கிழமை. முதலிடத்துல எந்தப் பாட்டு?"

சலூன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனையோ ஆயிரம் வாரம் இருக்க, அவள் இதைக் கேட்டிருக்கிறாள். இந்த வாரத்தை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். முதல் புத்தகம் வந்த அன்றைக்கே அந்தத் தேதியைத்தான் முதலில் திறந்து பார்த்தவர்.

"விசில் பாட்டு."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. 

"இல்லங்க." குரல் இறங்கியிருந்தது. "ரயில் பாட்டு."

தபால்காரர் நாற்காலியோடு சேர்ந்து சலூன்காரரும் இறங்கினார். எதிர்க்கடையிலிருந்து மைத்துனன் சாவியும் கையுமாக ஓடிவந்தான். அலமாரியிலிருந்து புத்தகத்தை இழுத்துத் தபால்காரர் மடியில் போட்டுத் திறந்தார்கள். அதே வருஷம், அதே தேதி. விசில் பாட்டு.

"என்னுதுல விசில்தான் போட்டிருக்கு."

"என்னுதுல ரயில்தான் போட்டிருக்கு. நான் பொய் சொல்வேனா?"

"அடுத்த வாரம் என்ன போட்டிருக்கு, படி."

"அடுத்த வாரம் விசில். அதுக்கு அடுத்த வாரமும் விசில். அப்புறம் மாடிப்படி."

இவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். விசில், விசில், மாடிப்படி. அதே வரிசைதான். அவள் புத்தகத்தில் ஒரு வாரம் தள்ளி வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"முன்னால ஏதாவது எழுதியிருக்கானா பாரு" என்றார் மடி கொடுத்திருந்த தபால்காரர்.

முன்னுரை என்ற ஒன்றை சலூன்காரர் இத்தனை வருஷத்தில் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் நீட்டுகிறவரைத் தள்ளிக்கொண்டு நேரே பந்திக்கு ஓடுகிற மாதிரி, எப்போதும் பட்டியலுக்கே போய்விடுவார். இப்போது இவரும் அவளும், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, முதல் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அவர் புத்தகத்தில், தேதி என்பது வாரம் தொடங்கும் நாள் என்று போட்டிருந்தது. அவள் புத்தகத்தில், வாரம் முடியும் நாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை காலைல ரயில் பாட்டு முதலிடம்" என்று மெதுவாகச் சொன்னார் சலூன்காரர். "ரேடியோவுல வாசிச்சு முடிச்சப்புறம் விசில் பாட்டு."

"காது அறுந்தது ரெண்டுக்கும் நடுவுல" என்றான் மைத்துனன்.

அவள் சிரித்துவிட்டாள். இவரும் சிரித்தார். தபால்காரரும் சிரித்ததில் நாற்காலி இன்னும் ஒரு சாண் இறங்கியது. சிரித்து முடித்ததும், பந்தயம் அப்படியே நடுவில் கிடப்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

"அப்ப நீங்களும் ஜெயிக்கல, நானும் ஜெயிக்கல" என்றாள். "வேற தேதி சொல்லட்டுமா?"

சலூன்காரர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வசனம் ஒன்றும் தயாராக இல்லை. முன்னால் நின்று சொல்லிப் பார்க்கக் கண்ணாடியும் இல்லை.

"வேணாம்" என்றார். "வேற தேதி வேணாம். நீ வந்துடு."

"என்ன சொன்னீங்க?"

"வந்துடுன்னேன். நீ இல்லாம எனக்கு முடியலம்மா. அன்னிக்கு நீ கிளம்பும்போதே போகாதன்னு சொல்லணும்னு இருந்துச்சு. பெரிய மனுசன் மாதிரி ஏதோ பேசிட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா முதல் வருஷமே ஓடி வந்திருப்பேன்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தம்மாவுக்கு வேற ஆள் பாத்துக் குடுத்துட்டுத்தான் வர முடியும். திடீர்னு விட்டுட்டு வர முடியாது. எப்ப ஆள் கிடைக்கும்னு தெரியாதுங்க."

"தெரியும். பாத்துக் குடுத்துட்டு வா."

"இந்தப் புத்தகம் ரொம்பக் கனமா இருக்கு. எடுத்துட்டு வரணுமா?"

"துணியை விட்டுட்டு அதை எடுத்துட்டு வா."

பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது. ஆனாலும் யாரும் போனை வைக்கவில்லை. அவள் பக்கம் ஒரு பஸ் வந்து மூச்சு விட்டு நிற்பது இவருக்குக் கேட்டது, கதவு திறப்பதும் மூடுவதும் கேட்டது. அவள் ஏறவில்லை. அடுத்து வந்ததிலும் ஏறவில்லை.