கேமரா மாட்ட ஓர் ஆள்

என் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, சேந்தமங்கலம் ரோட்டில் கட்டிய வீடு அது. கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ரசம் வருவதற்குள், "கதவப் பூட்டுனமா?" என்று என் காதில் கேட்பார்.

அப்படிப்பட்டவரை ஒரு மாதத்துக்குப் புனேவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா மட்டும் வந்தாப் பத்தாது, அப்பாவும் வரணும்" என்று அவள் ஃபோனில் அழுதாள். இவரோ, "நீ போயிட்டு வா, நான் ஊட்டப் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "கேமரா மாட்டிட்டா வாரேன்" என்று இறங்கி வந்தார்.

கேமரா மாட்டுவது பெரிய காரியமில்லை. வீட்டுக்குள் நம்பி விடுகிற மாதிரி ஆள் கிடைப்பதுதான் பெரிய காரியம்.

முதலில் வந்தவர் நல்ல பேச்சுக்காரர். காப்பி கொடுத்துவிட்டு, படம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இதா பாருங்கக்கா, போன மாசம் மாட்டுன ஊடு" என்று தன் ஃபோனை நீட்டினார். யாரோ ஒரு அம்மா தன் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அங்கே நடப்பதுதான் அது. நான் பார்ப்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. படம் பளிச்சென்றுதான் இருந்தது. நாளைக்கு இன்னொரு வீட்டில் என்னையும் இப்படித்தான் நீட்டுவார் என்று நினைத்ததும் உடம்பு கூசியது. "சொல்லி அனுப்பறமுங்க" என்று டம்ளரை வாங்கிக்கொண்டேன். முழுசாகக் குடித்தாரா என்றுகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். இரண்டு பேர் அதே மாதிரி ஃபோனை நீட்டினார்கள். நாலாவதாக வந்தவர், பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு தனியாக வந்தார். "மத்தவங்க ஊட்டுப் படம் எங்கிட்ட எப்படிங்கக்கா இருக்கும்? மாட்டிக் குடுத்ததோட சரிங்க. வேணும்னா அவங்க ஊட்டுக்கே போய்ப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். அந்த வீட்டில் என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, யார் கண்ணிலும் படாத மேல்பக்கத்தில் ஒயர் போகும் ஓட்டையை அடைத்திருக்கிறதா என்று தடவினார். பட்டறையில் வெல்டிங்கை அடிப்பக்கம் தடவிப் பார்த்தே பழகிய கை. அடைத்திருந்தது. அந்த ஏணிக்காரரையே மாட்டச் சொன்னோம்.

எங்கள் வீட்டில் மாட்டி முடித்ததும், "பாஸ்வேர்டு நீங்களே போட்டுக்கங்க" என்று கேமராக்காரர் வாசலுக்குப் போய்விட்டார். இவர் போட்டார். எனக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை.

புனேவில் மருமகன் வந்து பேசினாலும் இவர் கண் ஃபோனில் தெரிந்த எங்கள் கேட்டில்தான் இருந்தது. எட்டாம் நாள் காலை ஃபோனில் கேமரா ஆப் திடீரென்று பாஸ்வேர்டு கேட்டது. இவருக்கு மறந்துவிட்டது. நாலைந்து தரம் தப்பாகப் போட்டதில் படமே வராமல் நின்றுவிட்டது. உடனே ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்தார். பிரசவத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமராக்காரருக்கு ஃபோன் போட்டேன். "ஏனுங்க தம்பி, அன்னைக்கு ஒரு கண்ணாவது அந்தப் பக்கம் போயிருக்குமே. என்ன போட்டாருன்னு தெரியுங்களா?"

"நெசமாலுமே பாக்கலீங்கக்கா."

யோக்கியமான ஆளைத் தேடித் தேடிப் பிடித்தவளுக்கு, அவர் யோக்கியமாக இருந்ததில் அப்போது கோபம்தான் வந்தது.

"படம் பதியற பொட்டிகிட்டப் போனா புதுசு போட்டுக்கலாங்க. ஆனா ஊட்டுக்குள்ள போகோணும்" என்றார்.

சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. நாங்கள் பார்க்க முடியாத நேரத்தில், வெளியாள் ஒருவரை உள்ளே விட வேண்டும். இவர் பையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "அந்த ஓட்டைய அடச்சிருந்த தம்பிதான?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"சாவியக் குடுக்கச் சொல்லு" என்று பையைக் கீழே வைத்தார்.

கேமராக்காரர் உள்ளே போய்ப் பழைய பாஸ்வேர்டை அழித்தார். புதியதைப் போடும் நேரம் வந்ததும் அக்காவைப் பெட்டி முன்னால் உட்காரவைத்துவிட்டு வெளியே போய்விட்டாராம். இங்கிருந்து இவர் அக்காவிடம் ஃபோனில் ரகசியமாகச் சொன்னார். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒவ்வொரு எழுத்தையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்லிச் சொல்லி அழுத்தினார். மருமகன் சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்கு ஓடினார்.

படம் வந்தது. கேட்டுக்கு வெளியே, வெயிலில், கேமராக்காரர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

பேரன் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவர் என் வீட்டுக்காரர்தான். அன்று முழுக்க ஃபோனைத் தொடவே இல்லை. சாயங்காலம் நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, கேட்டைப் பார்க்காமல் பேரனைப் படம் எடுத்து, முதல் ஆளாகக் கேமராக்காரருக்கு அனுப்பினார். அடுத்தவர் வீட்டுப் படம் வைத்துக்கொள்ளாத அந்த மனுஷர், இதை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறாராம்.