சிங்கப்பூரில் ஓடும் என் கணினி

தூரத்துக் கணினியில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு வேலை பாதி, விளக்கம் சொல்வது பாதி. நீங்களும் அந்தக் கூட்டமென்றால் என் வயிற்றெரிச்சல் புரியும். நான் இருப்பது திருகோணமலைத் துறைமுகத்தடியில். சம்பளம் தருவது கொழும்பு நிறுவனம். என் புரோகிராம்கள் ஓடுவதோ சிங்கப்பூரில் அணைக்காமலே வைத்திருக்கும் ஒரு லினக்ஸ் கணினியில். நான் லப்டொப்பை மூடினாலும் அங்கே வேலை நிற்காது.

கப்பல் முகவர் ஒருவருக்குச் செய்யும் மென்பொருளைத் திங்கட்கிழமை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், இல்லாவிட்டால் கொழும்புக்கு வரவேண்டும் என்று மனேஜர் சொல்லியிருந்தார். எழுந்து நடக்க ஏலாத அப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

கரண்ட் போன மத்தியானம்

வியாழக்கிழமை தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. இன்டர்நெட்டும் போய்விட்டது. காலையில் தொடங்கிய மென்பொருள் சோதனை மட்டும் சிங்கப்பூரில் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். மனேஜர் போன் எடுத்து, ஏன் பதிலே இல்லை என்றார். சொன்னேன். அதற்கு அவர் கேட்ட கேள்விக்குப் போனைச் சுவரில் எறிந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான்.

"மெஷின் நிக்காமல் ஓடுதுதானே, நீங்கள் மட்டும் ஏன் நிண்டனீங்கள்?"

கிண்ணியாவில் இடி

அதே கணினியில் என்னோடு வேலை செய்பவர் கிண்ணியா ரிஸ்வான். இடி முழங்கினால் அவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். சனிக்கிழமை இடி முழங்க, தன் லப்டொப்பை நிறுத்தும் கட்டளையை அவசரமாக அடித்தார். அடித்த இடம் அதில் திறந்திருந்த சிங்கப்பூர்க் கணினியின் திரை. வெள்ளி மாலையிலிருந்து ஓடிய என் கடைசிச் சோதனை அத்தோடு சரி. கண்டபடி ஏசினேன். பாவி மனுசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்.

"இடி முழங்கினது கிண்ணியாவுல அக்கா, நிண்டது சிங்கப்பூருல."

திங்கட்கிழமை

சனிக்கிழமையே கணினியைத் திரும்ப இயக்கி முதலிலிருந்து ஓட்டினேன். முகவர் பார்க்க வருவதற்குச் சற்று முன்னர்தான் சோதனை முடிந்தது. எந்தக் கப்பல் எந்த இறங்குதுறைக்கு எப்போது வரும் என்று பிசகில்லாமல் காட்டியது. முகவருக்கு முழுத் திருப்தி. அப்படியென்றால் நான் வீட்டிலேயே இருக்கலாம்தானே என்று மனேஜரிடம் கேட்டேன். தான் தந்த வாக்கு அவருக்கு ஞாபகமே இல்லை.

"வேலை எல்லாம் சிங்கப்பூரிலதானே நடக்குது, நீங்கள் எங்க இருந்தா என்ன? அடுத்த மாசம் கொழும்புக்கே வந்திடுங்கோ."

எங்கள் நிறுவனத்தில் இருந்த இடத்திலேயே இருந்து வேலை செய்ய அனுமதி கிடைத்தது அந்தக் கணினிக்கு மட்டும்தான், அதற்குப் பார்த்துக்கொள்ள ஓர் அப்பாகூட இல்லை.