பதினோரு வரிசைக்கு ஒரு மூக்கு

எங்கள் மாமாவைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மின் நிலையத்தில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் ‘மூக்கு’தான். என் அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு மட்டும் மாமா.

முதலில் அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எதற்கு இந்தப் பெயர் என்று கேட்பீர்கள். வருஷத்துக்கு இரண்டு மழை பெய்தால் பெரிது என்கிற நிலம் எங்களுடையது. எதை நட்டாலும் கையை விரித்துவிடும். அதில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற ஒரு புல்லை நட்டார்கள். ஒருமுறை நட்டால் பத்துப் பன்னிரண்டு வருஷம் அதுபாட்டுக்குத் தழைக்கும், தண்ணீர் கேட்காது. மஞ்சளாகிக் காய்ந்ததும் அறுத்து, நாலு நாள் வெயிலில் போட்டு, பெட்டி பெட்டியாகக் கட்டி மின் நிலையத்து யார்டில் அடுக்குவார்கள். அங்கிருந்து பாய்லருக்குப் போகும், பாய்லர் நீராவியில் கரண்ட் வரும். வயலில் புல் கட்டும் வண்டியை ஓட்டுகிறவன் நான். யார்டில் மாடி உயரத்துக்கு அடுக்கிய பதினோரு வரிசையையும் பார்த்துக்கொள்கிறவர் மாமா.

பார்த்துக்கொள்வது என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஈரமான ஒரு கட்டு இந்தப் புல் போருக்குள் போய்விட்டால் உள்ளுக்குள்ளேயே புழுங்கும், சூடேறும், இரண்டு மூன்று வாரத்தில் தானாகத் தீப்பிடிக்கும். புகை கண்ணுக்குத் தெரிகிறபோது காரியம் கைமீறியிருக்கும். அதற்கு முன்னால் ஒரு வாசனை வரும். சர்க்கரைப் பாகு அடிப்பிடித்த மாதிரி, ரொம்ப மெல்லிசாக. ஆறு வருஷத்துக்கு முன் மாமா ஏழாவது வரிசையில் நின்றுகொண்டு, இங்கே பிரியுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரித்தால் நடுக்கட்டு கரியாகிக் கிடந்தது. அன்றைக்குக் கிடைத்ததுதான் அந்தப் பட்டப்பெயரும், நிலையத்துக்குள்ளேயே இரண்டு அறை வீடும். அதற்குப் பிறகு, கட்டுக்குள் செருகிச் சூடு பார்க்கிற நீளக் கம்பிகள் ஒவ்வொன்றாக உடைந்தபோது, நம்மிடம்தான் மூக்கு இருக்கிறதே என்று மேனேஜர் புதிதாக வாங்கவே இல்லை.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் கழித்து மாமா எழுந்தார், மூக்கு எழுந்திருக்கவில்லை. அது அவருக்கே உடனே தெரியவில்லை. ஒரு நாள் காலை அடுப்பில் பால் வற்றிப் பாத்திரம் கருகிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துணி காயப்போட்டுவிட்டு வந்த அக்கா சத்தம் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா தினமும் மத்தியானம் சாப்பாட்டு கேரியரோடு யார்டுக்கு வருகிறாள், மாமாவோடு பதினோரு வரிசையையும் சுற்றி நடக்கிறாள் என்பதுதான். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் நடக்கச் சொன்னாராம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்துத் தேனிலவு என்று லோடு ஆட்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கங்கெட்டவன். உண்மையில், அவள் நடந்துகொண்டே கேரியரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினால் அந்த இடத்தில் வாசனை அடிக்கிறது என்று அர்த்தம். மாமா கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகப் போய் அங்கே குனிந்து மோப்பம் பிடிப்பார். ஒரு வருஷத்தில் இரண்டு முறை இப்படிப் போரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் அக்காவால் அரை நாள்கூட நகர முடியவில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. பல் வலிக்கு ஆஸ்பத்திரி போனால் மத்தியானம் ஒரு மணிக்குள் ஓடி வந்தாள். புருஷனை விட்டு இருக்க மாட்டாளாம் என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், எட்டு மணி நேர பஸ் தூரத்தில். ஏழாம் மாசத்தில், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பிரசவத்துக்குள் வர வழியில்லை. அம்மா வா, அம்மா வா என்று தினமும் போன். அக்கா இரண்டு முறை பையில் துணி அடுக்கினாள், இரண்டு முறையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக வீட்டுக்குப் போய், நீங்கள் ஒரு மனுஷனா என்று மாமாவிடம் கேட்டுவிட்டேன். அக்காதான் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அவரைத் திட்டாதடா. அவருக்கு மூக்கு செத்துப்போய் ஒரு வருஷமாச்சு. நான்தான் மோந்து சொல்லிட்டிருக்கேன்.”

உள்ளே வந்து மாமாவிடம், மேனேஜரிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். கோபம் குறைந்திருந்தாலும் குரல் குறையவில்லை.

“ஆபீஸ் வாசல் வரைக்கும் எத்தனை தடவை போயிருக்கேன் தெரியுமா?” என்றார் மாமா. “போறப்பெல்லாம் அவர் யாரையாவது கூட்டிட்டு வந்து, இவர்தான் எங்க மூக்குன்னு காட்டுவார். நானும் உடனே ஒரு கட்டு மேல குனிஞ்சு மோந்து காட்டிடுவேன். அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?”

அக்கா போகட்டும், யார்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது. பதினோரு வருஷம் புல் தூசி தின்ற மூக்கு என்னுடையது. பால் கருகினால் தெரியும், போருக்குள் சூடேறினால் தெரியாது. அக்கா மறுநாள் காலை பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக மாமாவையே பார்த்துக்கொண்டு போனாள்.

இப்போது என் திருட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டும். அக்கா கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் பருவம் தப்பி ஒரு தூறல் விழுந்தது. அறுத்துப் போட்ட புல்லை இன்னும் இரண்டு நாள் காயவிட்டிருக்க வேண்டும். கணக்குக் குறைந்தால் திட்டு விழுமே என்று மறுநாள் காலையிலேயே முப்பது கட்டு கட்டி அனுப்பிவிட்டேன். அவை ஐந்தாவது வரிசையில் இருந்தன, எந்த இடம் என்று குத்துமதிப்பாகத்தான் தெரியும். அக்கா போகும் வரை அங்கே வாசனை இல்லை. அவள் போன நாலாம் நாள் கட்டுகளுக்கு இடையில் கையை விட்டுப் பார்த்தேன். வெயிலில் எல்லாமே சுட்டது. எது வெயில், எது உள்சூடு என்று எனக்குப் பிடிபடவில்லை.

பயந்துபோய் மேனேஜரிடம் ஓடினேன். தப்பு என்னுடையது, ஐந்தாவது வரிசைக்குள் ஈரக்கட்டு இருக்கிறது, உடனே கம்பி வரவழைத்துச் சூடு பாருங்கள் என்றேன். அந்தச் சாக்கில் கம்பி வந்துவிட்டால் மாமாவும் தப்பிப்பார் என்று ஒரு நப்பாசை.

“கம்பி எதுக்குப்பா? மூக்கைக் கூப்பிடு” என்றார் மேனேஜர்.

யார்டே கூடிவிட்டது. மாமா வந்தார். ஐந்தாவது வரிசையின் முன்னால் கண்ணை மூடி நின்றார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மாமா, எல்லாம் முடிந்துவிடும் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு இரண்டடி நகர்ந்து ஒரு கட்டைத் தட்டினார்.

“இங்க. தண்ணிக் குழாயைத் தயாரா வெச்சுக்கிட்டுப் பிரிங்க.”

பிரித்தார்கள். உள்ளே கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. கைதட்டினார்கள். மேனேஜர் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அடுத்த மாதம் திறக்கிற புது யார்டையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு ஒரு வாரம் வண்டி கிடையாது என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மாமாவைத் தனியாகக் கேட்டேன்.

“உன் கண்ணு எங்க நின்னுச்சோ அங்க தட்டினேன்” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும், நாளைக்கு இரண்டு பேருமாகப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கேட்கத்தான் போனேன். வாசலிலேயே கருகல் நாற்றம். மாமா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். யார்டு சேதி அதற்குள் அக்காவுக்கு எட்டியிருந்தது.

“ஆமா, மோப்பம் திரும்பி வந்துடுச்சு. நல்லாவே வருது. பின்ன எப்படிக் கண்டுபிடிச்சேன்? நீ இங்க வர வேண்டாம். பிள்ளை பிறந்து தவழுற வரைக்கும் அவளோட இரு.”

நான் போய் அடுப்பை அணைத்தேன். பாத்திரத்தில் பால் கரியாகியிருந்தது. சத்தம் கேட்டு மாமா திரும்பினார். பாத்திரத்தையும் என்னையும் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

“அவர் சொல்றது நிஜமாடா?” அக்கா அழுதுகொண்டே கேட்டாள். பின்னால் மகள் ஏதோ சிரித்துப் பேசுவது கேட்டது.

“நிஜம்தான்க்கா” என்றேன்.