பர்தாவுக்குள் வெட்டிய தலைமயிர்

செய்யாத குற்றத்துக்காக என் பேத்தி அவளுடைய உம்மாவிடம் அடி வாங்கினாள். குற்றம் செய்தவன் நான். மூன்று அடி தூரத்தில் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை.

அவள் என் மகனின் மகள். மகன் கத்தாரில் வேலை செய்கிறான். மருமகள் தன் தாயின் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தபோது, ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை நானும் என் மகளும் இருக்கும் வீட்டில் விட்டுப் போனாள்.

வந்த சில நாளில் மருமகள் என்னையும் சேர்த்துவிட்டிருந்த பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியை எழுதினார்: பிள்ளைகள் பலரிடம் பேன் இருக்கிறது, சுத்தம் செய்து அனுப்புங்கள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. "அப்ப பேனுக்கும் புலமைப்பரிசில் வகுப்பு வெப்போம்" என்று ஒரு தகப்பன் பகிடி எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழுவில் பாதிப்பேர் நான் பாடசாலை அதிபராக இருந்தபோது என்னிடம் படித்தவர்கள். பேத்தி அப்போதும் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருந்தாள்.

மகள் பேன் சீப்பு வாங்கி வந்தாள். "ஈரத் தலையில ஒவ்வொரு நாளும் இழுக்கணும் வாப்பா. ரெண்டு மூணு கிழமை ஆகும்" என்றாள். அத்தனை நாள் பொறுக்க எனக்கு மனமில்லை. மயிர் போனால் பேனும் போகும் என்று நினைத்தேன். வெளியே போகும்போது பிள்ளை தலையை மூடிப் பர்தா போடுகிறாள், உள்ளே என்ன நீளம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? தெருவில் தெரியாதது எங்கேயும் தெரியாது என்பதுதான் என் கணக்கு. பெண்கள் மட்டும் இருக்கும் இடங்களில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

மகள் வீட்டில் இல்லாத பகலொன்றில் கத்தரிக்கோலை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் தகப்பன் வாப்பா, பாட்டன் அப்பா. "அப்பா, உம்மாக்கிட்டக் கேட்டீங்களா?" என்று பேத்தி கேட்டாள். "ஓம் மனே, கேட்டுத்தான்" என்றேன். அசையாமல் இருந்தாள். இடுப்பு வரை இருந்ததைக் காது மட்டத்துக்கு வெட்டினேன்.

மகள் வந்து பார்த்துவிட்டுத் தரையில் கிடந்த மயிரைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "அடுத்த மாசம் அவட உம்மாட தங்கச்சி, சாச்சிட கலியாணம். பொம்புளைகள்ற பக்கம் எல்லாப் புள்ளைகளும் பின்னிப் பூ வெச்சிட்டு இரிக்கும். இது எப்பிடி இரிக்கிற?" என்றாள். "மச்சிக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டன்."

மருமகளிடம் நானே சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் மருமகள் புறப்பட்டுவிட்டாள் என்று அறிந்ததும் பேத்தியைத்தான் கூப்பிட்டேன். "நீயே வெட்டின எண்டு சொல்லு மனே. உனக்கெண்டா உம்மா ஏசமாட்டா." அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மருமகள் வந்தபோது மகள் யாரோ இறந்த ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பேத்தி வெள்ளைப் பர்தாவோடு வந்து நின்றாள்.

"வீட்டுக்குள்ள என்னத்துக்குப் புள்ள பர்தா? வேர்த்து வழியிது. கழட்டு."

கழற்றினாள்.

"ஆர் வெட்டின?"

"நான்தான்."

"பொய் சொல்லாத. பொறத்தால உனக்குக் கை எட்டுமா? ஆர் வெட்டின எண்டு கேக்கன்."

"நான்தான் உம்மா."

கன்னத்தில் அறை விழுந்தது. அறை வெட்டியதற்கா, பொய்க்கா என்று எனக்குத் தெரியாது. பேத்தி அழவில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை. மருமகள்தான் திரும்பினாள்.

"மாமா, நீங்க வீட்டதானே இருந்தீங்க. காணல்லயா?"

"நான் பள்ளிக்குத் தொழப் போன நேரமா இரிக்கும்" என்றேன்.

தொழுகையைச் சாட்டிப் பொய் சொன்ன பிறகு அஸர் தொழுகைக்குப் போக முடியவில்லை. மகள் வந்து, மருமகள் பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டதை அறிந்தாள். என் முகத்தைப் பார்த்தே மற்றதை விளங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குத் தேத்தண்ணி வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன் மருமகளின் வீட்டுக்குப் போனேன். அவள் பேத்தியை முன்னால் இருத்தி, கோப்பைத் தண்ணீரில் சீப்பை அலசி அலசி இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் பேன் மிதந்தது. ஈர் ஒட்டுவது மயிரின் அடியில். நான் வெட்டி எறிந்ததெல்லாம் நுனி.

"நான்தான் வெட்டின, மகள்" என்று மருமகளிடம் சொன்னேன். சீப்பு நிற்கவில்லை.

"எனக்கிட்ட இல்ல மாமா. அவக்கிட்டச் சொல்லுங்க."

பேத்தியிடம் சொன்னேன். உம்மாவிடம் கேட்டதாகச் சொன்னது பொய், அவளைச் சொல்ல வைத்தது பொய், பள்ளிக்குப் போனதும் பொய். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் சீப்பை வைத்துவிட்டுப் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்தாள். அப்போதுதான் பிள்ளை அழுதாள்.

கலியாணத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கல்முனையில் ஒரு கடையில் நீளமான ஒட்டுமயிர் வாங்கிக் கொண்டுபோனேன். மருமகள் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ஒட்டுமயிர் வெக்கிற ஹறாம் மாமா. அதிபரா இருந்த ஆளுக்கு நான் சொல்லணுமா?"

உண்மைதான், மார்க்கம் தடுத்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம், அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. பிழையை மறைக்கத்தான் இன்னும் வழி தேடிக்கொண்டிருந்தேன்.

கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் பேத்தி கடைசிவரை பர்தாவைக் கழற்றவில்லை என்று மகள் வந்து சொன்னாள். "மத்தப் புள்ளைகள் பர்தாவ இழுத்து விளையாடப் போனதுகள். அவ சுவரோட சாஞ்சிட்டு இருந்தா."

மயிர் இப்போது தோளுக்கு வந்துவிட்டது, பேனும் இல்லை. பெருநாளுக்கு உம்மாவோடு வந்தாள், என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னாள், உம்மாவோடு போனாள். பாடசாலை விடுமுறைக்கு வந்து தங்கட்டுமே என்று மருமகளிடம் போனில் கேட்டேன்.

"நான் தடுக்கல்ல மாமா. வாறியா எண்டு கேட்டன். உம்மாவும் வந்து தங்கினா வாறன் எண்டு சொல்றா."

சரி என்று போனை வைத்தேன்.